பிரைமர் பூசிய கார் மழையில் நிற்கலாமா?

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு கோலாலம்பூர், பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தில் பேருந்து ஏறினால் பிற்பகலில் லார்கின். அங்கிருந்து மாசாய். வானொலி வேலைக்காகத் தலைநகரில் குடியேறிய பிறகு மாதம் இருமுறையாவது எனக்கு இந்தப் பயணம் உண்டு. வீட்டை அடைந்ததும் முதலில் கண்ணில் படுவது வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அப்பாவின் கார்தான். அப்பா அதற்கப்புறம்தான்.

இவ்வாண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் அந்தத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பிரைமர் பூசிய பானட்டின் மேல் தேநீர் தெளித்ததுபோல் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள். விரலால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் கீறினேன். பிரைமர் செதில்போல உரிந்து வந்தது. அடியில் துரு.

தவறு யாருடையது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. என்னுடையதுதான்.

கடந்த தீபாவளிக்கு முன்பு காரைப் பட்டறையில் விட்டோம். நசுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்தி, புட்டி போட்டு, பிரைமரும் அடித்துவிட்டார்கள். சாயம் மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் அப்பாவின் கண் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. சாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். “பிரைமர் போட்டாச்சுல்லப்பா, இனிமே துரு பிடிக்காது” என்று அப்பாவிடம் வானொலி அறிவிப்பாளருக்கே உரிய உறுதியுடன் சொன்னதும் நான்தான். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. கார் மூன்று மாதம் வாசலிலேயே நின்றது.

பழைய காரைப் புதுப்பிக்கும் ஆசை நம் குடும்பங்களில் பலருக்கு இருக்கிறது. அப்பா ஓட்டியது, தாத்தா வாங்கியது என்று வாசலில் ஒரு வண்டி நிற்கும். பணம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்ப்போம். பெரும்பாலும் நாம் நிறுத்தி வைக்கும் இடம் இந்தப் பிரைமர் கட்டம்தான். அதனால்தான் நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்.

குன்றிமணிச் சிவப்பு

அப்பாவுடையது 1989-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஓய்வுபெறும் நாள்வரை அதில்தான் போய் வந்தார்.

நாட்டின் முதல் தேசியக் காரான சாகா 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டு உருவானது அது. பெயர் சூட்டும் போட்டியில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் கொடுத்த பெயர்தான் சாகா. சாகா என்பது ஒரு மரம். அதன் பளபளக்கும் சிவப்பு விதையை நம்மவர்கள் ஆனைக்குன்றிமணி என்றும் மஞ்சாடி என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதே 1985-இல் பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் பிரதமர் மகாதீர் பாலத்தைக் கடந்ததும் ஒரு சிவப்புச் சாகாவில்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சிவப்பே வேண்டும் என்று வாங்கியதாக அப்பா சொல்வார்.

ஆனால் என் தலைமுறையினர் அதைச் சிவப்பாகப் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்துச் சிவப்பு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளில் கூரையும் பானட்டும் சுண்ணாம்பு படிந்த ரோஜா நிறத்தில்தான் இருந்தன.

அப்பாவுக்கு இனிப்புநீர் நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. அது கண்ணின் விழித்திரையைத் தாக்கிவிட்டது. சிகிச்சை இருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான், போனதை மீட்டுத் தராது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“முழுசா மங்குறதுக்குள்ள அந்தக் காடிய ஒரு தடவ செவப்பா பாத்துடணும்மா.”

ஆகவே எனக்கு அவசரம். துருப் புள்ளிகளோடு காரை மறுபடி பட்டறைக்குக் கொண்டு போனபோது, “மாமா, மேலாப்புல தேய்ச்சிட்டு சாயத்த அடிச்சிடுங்களேன்” என்றேன். மாசாய் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாகச் சாயம் அடிப்பவர் அவர். அப்பாவின் பழைய நண்பர். பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அடிச்சிடலாம்மா. மூணு மாசம் செவப்பா இருக்கும். அப்புறம் அங்கங்க கொப்புளம் கட்டும். ஒங்கப்பாவுக்கு அப்ப கண்ணு தெரியலன்னாலும் கையி தெரியுமே!”

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

துரு எப்படி உள்ளே போனது?

பிரைமர் என்பது காருக்கான மழைக்கோட்டு என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது இரண்டு வேலைக்காகப் பூசப்படுகிறது. ஒன்று, தகரத்தை இறுகப் பற்றிக்கொள்வது. மற்றொன்று, மேலே வரும் சாயத்துக்குப் பிடிமானம் தருவது. மேடுபள்ளங்களை நிரப்புவதற்கான சாம்பல் நிறப் பிரைமரில் தேய்ப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று மாவுபோன்ற பொருள்களை நிறையச் சேர்க்கிறார்கள். காய்ந்தபின் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். மழைநீரும் ஈரக்காற்றும் அதன் வழியே மெல்ல இறங்கித் தகரத்தைத் தொட்டுவிடும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே இருக்கும் பூச்சைத் தூக்கிவிடுகிறது. நான் போர்த்திய தார்ப்பாயும் உதவவில்லை. மழைவிட்டு வெயில் அடித்தபோதெல்லாம் ஈரத்தை வெளியே விடாமல் அடியிலேயே பிடித்து வைத்தது. போதாக்குறைக்கு எங்கள் ஊர் ஜொகூர் நீரிணைக்குப் பக்கம். உப்புக்காற்றும் உண்டு.

இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் எப்போக்சி பிரைமர் ஈரத்தை இதைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் அதுவும் வெயிலில் நாளாக நாளாக மாவு பூத்துவிடும். அடித்தபின் இத்தனை நாளுக்குள் அடுத்த பூச்சு என்று டின்னிலேயே போட்டிருப்பார்கள். அந்தக் கெடு தாண்டினால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே மேலே எதையும் பூச வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பிரைமர் வழியில் இருக்கும் ஒரு நிறுத்தம். அங்கே குடியிருக்க முடியாது. சாயத்துக்குப் பணம் தயாராகாவிட்டால் பழைய சாயத்தோடு காரை ஓட்டிக்கொண்டிருப்பதே மேல். பிரைமரோடு நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் கூரைக்கடியில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள்.

மறுபடியும் தகரம்வரை

பானட், கூரை, இடப்பக்க முன்கதவின் அடிப்பாகம் ஆகிய மூன்று இடங்களில் மாமா பிரைமரைச் சுரண்டித் தகரம்வரை போனார். துருவைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அன்றைக்கே எப்போக்சி பிரைமர் அடித்தார். பளிச்சென்று இருக்கும் வெறும் தகரத்தை இந்த ஈரப்பதத்தில் ஓரிரவு விட்டுவைத்தால் போதும், காலையில் மஞ்சள் பூத்திருக்கும் என்றார்.

பள்ளமான இடங்களுக்குப் புட்டி. அதில் சேர்க்கும் சிவப்புப் பசைதான் அதை இறுக வைப்பது. சீக்கிரம் காயட்டும் என்று அதைக் கூடுதலாகக் கலந்தால், பின்னாளில் சாயத்தின் மேல் கறையாகக் கிளம்பிவிடும். இங்கேயும் அவசரத்துக்குத் தண்டனை உண்டு.

அதன் மேல் மீண்டும் சாம்பல் பிரைமர், மூன்று கை. ஒவ்வொரு கைக்கும் இடையில் காயவிட்டார். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் தின்னர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே காய்ந்ததுபோல் தெரியும். சாயம் அடித்துச் சில வாரங்கள் கழித்து அந்தத் தின்னர் வெளியேறும்போது பிரைமர் சுருங்கும். அப்போது அடியில் இருக்கும் மணல்தாள் கீறல்களெல்லாம் பளபளப்பின் ஊடாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கறுப்புப் பொடி சொல்லும் உண்மை

பிரைமர் பூசிய கார் பார்ப்பதற்குச் சீராகத்தான் தெரியும். மங்கலான சாம்பல் நிறம் எல்லாக் குறையையும் மறைத்துவிடுகிறது. பளபளக்கும் சாயம் எதையும் மறைக்காது. கண்ணாடிபோல் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே குறைகளைச் சாயத்துக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பிரைமர் மேல் கறுப்புப் பொடியைத் தடவுவார்கள் அல்லது கறுப்புச் சாயத்தைப் பனிபோலத் தூவுவார்கள். பிறகு மரக்கட்டை அல்லது ரப்பர் கட்டையில் மணல்தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு முதலில் மறையும். பள்ளத்தில் அப்படியே நிற்கும். எங்கே கறுப்பு தங்குகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள்.

வெறும் கையால் தாளைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது என்று மாமா என்னைத் தடுத்தார். விரல்கள் அழுத்தும் இடமெல்லாம் பள்ளமாகிவிடுமாம். கட்டையை ஒரே திசையில் ஓட்டாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும். தாளின் எண் கூடக் கூட மணல் பொடியாகும். நாங்கள் 320-இல் தொடங்கி, 400-க்குப் போய், 600-இல் முடித்தோம். எங்களுடையது மினுமினுப்பு இல்லாத சாதாரணச் சிவப்பு. மெட்டாலிக் நிறமாக இருந்தால் 800 வரை போவார்கள், அதில் சின்னக் கீறல்கூடத் தெரிந்துவிடும். 320-இலிருந்து ஒரேயடியாக 600-க்குத் தாவினால் பழைய கீறல்கள் போகவே போகாது.

கதவின் ஓரம், பானட்டின் மடிப்பு ஆகிய இடங்களில் பிரைமர் மெல்லியதாகத்தான் இருக்கும். இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தால் தகரம் எட்டிப் பார்த்துவிடும். எனக்கு இரண்டு இடத்தில் அப்படி ஆனது. எட்டிப் பார்த்த இடத்துக்குத் திரும்பவும் பிரைமர் அடித்தே ஆக வேண்டும், “சின்னப் புள்ளிதானே” என்று விடக் கூடாது. அதன் பிறகு ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டு நடுவில் மட்டும் கட்டையை ஓட்டி, கடைசியில் டேப்பை எடுத்து மெல்லத் தேய்த்தேன்.

இந்த இடத்தில்தான் அப்பா உதவிக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஒரு மெல்லிய துணியைக் காரின் மேல் போட்டு, அதன் மீது உள்ளங்கையை வைத்து, முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை மெதுவாக நடந்தார். துணி இருந்தால் தோலின் உராய்வு குறைந்து மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை. பின்கதவின் நடுவில் நின்றார்.

“இங்க அலை அடிக்குதுப்பா” என்றார் மாமாவிடம்.

எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமா அந்த இடத்தில் மறுபடியும் கறுப்புப் பொடி தடவித் தேய்த்தார். உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு நின்றது.

தண்ணீரும் வெயிலும்

கடைசித் தேய்ப்பை நீர்விட்டுச் செய்தோம். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்துகொண்டால் தாள் அடைத்துக்கொள்ளாது. ஆனால் புட்டி வெளியே தெரியும் இடத்தில் தண்ணீர் படவே கூடாது. புட்டி பஞ்சுபோல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதுவே கொப்புளமாகும்.

தேய்த்து முடித்ததும் நல்ல நீரில் கழுவி, கதவிடுக்கு, கண்ணாடி ஓரம், மூட்டுகள் எல்லாவற்றிலும் காற்றடித்து, ஒருநாள் முழுக்க வெயிலில் காயவைத்தோம். இடுக்கில் ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு நீர், சாயம் அடிக்கும்போது காற்றின் வேகத்தில் வெளியே ஓடிவந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுமாம்.

விளக்குகள், கைப்பிடி, சின்னம், ரப்பர் பட்டிகள் ஆகியவற்றைக் கழற்றிவிடுவதுதான் நல்லது. டேப் ஒட்டி மறைத்த இடத்தின் ஓரத்தில்தான் சாயம் முதலில் உரியும். கழற்ற முடியாத கண்ணாடிகளை மட்டும் அதற்கென்று விற்கும் தாளால் மூடினோம். பழைய செய்தித்தாள் வேண்டாம் என்றார் மாமா. அதில் சாயம் ஊறி அடியில் இறங்கும், தூசும் கிளம்பும். நாளிதழில் எழுதுகிற நானே சொல்கிறேன்: இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பத்திரப்படுத்துங்கள், காருக்கு ஒட்டாதீர்கள்.

சிவப்புக்கு அடியில் என்ன நிறம்?

சிவப்பு, அடியில் இருப்பதை முழுமையாக மறைக்காத நிறம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சில இடம் கரும்சாம்பல், சில இடம் வெளிர்சாம்பல் என்று பிரைமர் திட்டுத்திட்டாக இருந்தால் மேலே வரும் சிவப்பும் ஒரே மாதிரி தெரியாது. அதை மூட மேலும் மேலும் அடிக்க வேண்டியிருக்கும், செலவும் கூடும். ஆகவே சாயத்துக்கு முன் கார் முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தார் மாமா.

பழைய நிறமே வேண்டாம், புது நிறம் அடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். காரின் நிறம் பதிவு விவரத்தில் இருக்கிறது. மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதையும் மாற்ற வேண்டும். சாயம் அடிப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

மூச்சு முக்கியம்

காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலிலேயே அடித்துவிடலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தேய்ப்பதை வீட்டில் செய்யலாம். அப்போதும் தூசுக்கவசம் அணியுங்கள். ஆனால் இறுகவைக்கும் திரவம் கலந்து அடிக்கிற பிரைமரிலும் சாயத்திலும் பெரும்பாலும் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவுகூட மூச்சை அடைக்கும். மருந்தகத்தில் வாங்கும் முகக்கவசம் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசமும் அதற்கான அறையும் உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பக்கத்து வீட்டில் துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலை

சாயத்துக்குக் குறித்த நாளில் மாமா காலையிலேயே தொடங்கினார். எங்கள் ஊரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். முதலில் கம்பிரஸர் தொட்டியின் அடியில் தேங்கியிருந்த நீரைத் திறந்துவிட்டார். ஒரு குவளை அளவுக்கு வந்தது. திறக்காமல் விட்டிருந்தால் அதில் கொஞ்சம் சாயத்தோடு சேர்ந்து காரின் மேல் வந்திருக்கும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கினார்.

பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம். ஒரு கையில் அதில் நனைத்த துணி, மறுகையில் உலர்ந்த துணி. நனைத்துத் துடைத்த இடம் தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காய்ந்தால் பிசுக்கு அங்கேயே திரும்பப் படியும். பழைய மெழுகோ விரல் ரேகையின் எண்ணெயோ இருந்தால் சாயம் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன் கண்போல் குழி விழும். கடைசியாகப் பிசின் தடவிய மெல்லிய துணியால் தூசை எடுத்தார். அதன் பிறகு காரை யாரும் தொடக் கூடாது. அப்பாவின் கைக்கும் அனுமதி இல்லை.

அப்பா வீட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். “தொட்டித் தண்ணி எறக்கியாச்சா? ரெண்டு துணி வெச்சுத் தொடச்சாங்களா?” நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் இதையெல்லாம் கேட்கச் சொல்கிறாரே என்று எனக்குக் கூச்சம். மாமா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, “ஆச்சுன்னு சொல்லும்மா” என்றார்.

சாயம் அடித்த நேரம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய வேலைகள் ஏழு வாரம் பிடித்தன. துரு பிடிக்க விட்டிருக்காவிட்டால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். செலவும் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேருந்தில் உட்கார்ந்து, அப்பாவின் கண்ணில் இந்த வாரம் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயம் நன்றாக இறுகிய பிறகு காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, மதிய வெயிலில் வாசலில் நிறுத்தினேன். அப்பா கதவருகே வந்து நின்றார். கண்ணைச் சுருக்கி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தார். நடுப்பார்வை மங்கியதால் இப்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பார்.

“தெரியுதாப்பா?”

“தெரியுது. செவப்புதான்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பின்கதவுக்குப் போய், முன்பு அலை அடித்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தார்ப்பாயை மடித்து எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“இத யாருக்காச்சும் குடுத்துடு.”